இரண்டு பெட்டிகள், ஒரு சிரிஞ்ச்

என்.சி. வீதியில், பூட்டிக் கிடக்கும் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில்
என் கடை. போன் திருத்துவேன்.
போர்டில் என் பெயர் இல்லை,
'டிஸ்ப்ளே மாற்றப்படும்' மட்டும்.

பாலையூற்றிலிருந்து மச்சான்மார் இருவர் வந்தார்கள்.
செதில் ஒட்டிய கையால்
கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டி வைத்தார்கள்.
டெல்வினுடையது தீப்பெட்டியளவு.
பற்றரி உள்ளேயே ஒட்டியது, விளிம்பில் நீலக்கோடு.
றெஜினோல்டுடையது சவர்க்காரக் கட்டி.
மூடியைத் தள்ளினால் தனியாக ஒரு பற்றரி,
நடுவிரல் நீளம், தோல் உரிந்தது.
கத்தாரால் வந்தவன் குடுத்ததாம்.

"எது கனநேரம் நிக்கும் அக்கா?
பந்தயம். ரெண்டு கிலோ இறால்."

நான் புகைப்பதில்லை.
கேள்வி மட்டும் பிடித்திருந்தது.
பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்புகிறவள்
இந்தத் தொழிலில் ஒரு மாதம் தாங்கமாட்டாள்.

பார்மசியில் ஐம்பது மில்லி சிரிஞ்ச் வாங்கினேன்.
வாய்க்குப் பதில் அது.
மூன்று செக்கன் இழு, விடு,
கொப்பியில் ஒரு கோடு.
ஐந்து கோட்டுக்கு ஒரு வேலி.
மூன்று பின்னேரம் போனது.
கடை முழுக்க மாம்பழ வாசம்,
சிம் வாங்க வந்த டீச்சர்
மூக்கைச் சுருக்கி, உள்ளே எட்டிப் பார்த்து,
சிம் வாங்காமலே போனார்.

தீப்பெட்டி: முந்நூற்றுப் பதினெட்டு இழுவை.
சவர்க்காரம்: இருநூற்று நாற்பத்தொன்று.
பெரிய வயிறு, அதைவிடப் பெரிய பசி.
ஒரு மூச்சுக்கு அது தின்கிற கரண்டில்
சின்னது மூன்று மூச்சு விடும்.

டெல்வின் சிரித்தான்.
றெஜினோல்ட் தன் பெட்டியைச் சறத்தில் துடைத்தான்,
தோற்ற சேவலைத் துடைப்பதுபோல.
இறால் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

வியாழன் இரவு சாம்பல்தீவுக்கு வெளியே
வலை கடலில் கிடக்கிறது.
தலைலைட் செத்துப்போயிற்று.
நிலா இல்லை. எஞ்சினில் வலை சுற்றியிருக்கிறது.
மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்
ஒரு தெருவே நடந்து வருகிறமாதிரி வருகிறது.
டெல்வின் தன் பெட்டியை அமத்துகிறான்.
நீலக்கோடு பளிச்சென்று எரிகிறது,
எண்பது வீதம் என்று காட்டுகிறது,
காட்டுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.
றெஜினோல்ட் மூடியைத் தள்ளி
பற்றரியைப் பல்லால் கடித்து இழுத்து
இருட்டில் பிளஸ் எது மைனஸ் எது என்று
நாக்கால் பார்த்து
தலைலைட்டுக்குள் போட்டான்.

"பத்திச்சுது அக்கா" என்றான்.
"கையை வைச்சு மறைச்சு மறைச்சுக் காட்டினன்.
கப்பல் ஒருக்கா ஊதினது.
அது திரும்பினதோ
எங்களை அலை தள்ளினதோ தெரியாது.
விடியுமட்டும் லைட் நிண்டது.
விடியுமட்டும் நான் ஒரு இழுவையும் இழுக்கேல்ல."

டெல்வின் ஒன்றும் பேசவில்லை.
மேசையில் நனைந்த பை,
உள்ளே இறால் இன்னும் மீசையை ஆட்டுகிறது.
யார் யாருக்குக் கொடுப்பது என்று
கடற்கரையிலிருந்து இங்கு வரும்வரை சண்டையாம்.
முடியாமல் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பற்றரியை வாங்கி மீட்டரில் வைத்தேன்.
மூன்று தசம் நாலு வோல்ட்.
ஒரு ஓரத்தில் பல் பதிந்த தடம்.
தோலை மாற்றாமல் இனிப் பாவிக்காதே என்று ஏசினேன்,
நெருப்புப் பிடிக்கும்.
புதுத் தோல் வெட்டி, சூடு காட்டிச் சுருக்கி,
காசு வாங்காமல் கொடுத்தேன்.

கொப்பியை விரித்தேன்.
இழுவை, வாட், வோல்ட், விலை.
விடியுமட்டும் என்பதை எழுத
நான் கட்டம் கீறி வைத்திருக்கவில்லை.
ஓரத்தில் எழுதினேன், பேனை மை தட்டுப்பட்டு
'விடி' மட்டும் விழுந்தது.

இறாலை மூன்றாகப் பிரித்தோம்.